துட்டி கேட்டவர்கள் போன பிறகு

கடையநல்லூரில் ஒரு வீட்டில் துட்டி விழுந்தால் அந்த வீட்டுக்காரர்கள் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. பந்தல்காரருக்கு யாரோ சொல்லிவிடுவார்கள். நீர்மாலைக்கு யார் போக வேண்டும், கோடி யார் எடுக்க வேண்டும், பதினாறாம் நாளுக்கு யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த பெரியவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்துவிடும். முஸ்லிம்கள் இருக்கும் பேட்டைப் பக்கம் மையத்து வீடு என்றாலும் இப்படித்தான். குளிப்பாட்ட, கஃபன் துணி எடுக்க, குழி வெட்ட, தொழுகைக்கு அறிவிக்க எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. கணவரை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்று காலக்கெடு உண்டு. அந்த நாட்களில் அவரைத் தனியாக விடாமல் உறவுப் பெண்கள் மாறி மாறி வந்து இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன். என் தம்பி இறந்தபோது எங்கள் வீட்டைத் தாங்கி நிறுத்தியது இதுதான். ஆனால் பந்தல் பிரித்த பிறகு வருகிற மாதங்களுக்கு நம்மிடம் ஒரு முறையும் இல்லை. "காலம் எல்லாத்தையும் ஆத்திரும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குப் போகிறார்கள். போகத்தான் வேண்டும். பலருக்குக் காலம் ஆற்றவும் செய்கிறது. எனக்கு ஆற்றவில்லை. நான் ஒரு மனநல மருத்துவரையும், பிறகு ஒரு உளவியல் நிபுணரையும் தேடிப் போனேன். வாரம்தோறும் உட்கார்ந்து பேசினேன். இப்போது தூங்குகிறேன், சாப்பிடுகிறேன், வகுப்பெடுக்கிறேன், தம்பியை நினைத்து அழவும் செய்கிறேன். எங்கள் ஊரில் இதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெளியூர்ப் பிழைப்பு எங்கள் ஊருக்குப் புதிதில்லை. தறியை நம்பிப் பிழைக்க முடியாத காலங்களில் இங்கிருந்து சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவர்கள் ஏராளம். சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம்கள் 1941-ல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள்: சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக். 1946-ல் தஞ்சோங் பகாரில் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியும் நடத்தத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் அங்கே போன இந்தியத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் ஒற்றை ஆளாகப் போனவர்கள். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்களோ பெண்டு பிள்ளைகளோடு குடியேறியவர்கள். அதனால் அங்கே ஒரு சாவு நடந்தாலும் அழ, சமைக்க, தோள் கொடுக்க ஊரே பக்கத்தில் இருந்தது.

1970-களுக்குப் பிறகு வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆண்கள் தனியாகப் போனார்கள். மனைவியும் பிள்ளைகளும் பெற்றவர்களும் இங்கே. என் தம்பியும் அப்படித்தான் தம்மாமில் இருந்தான். ஒரு ராத்திரி அவன் அறைக் கூட்டாளியிடமிருந்து போன் வந்தது. நெஞ்சுவலி என்றிருக்கிறான், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. இறப்புச் சான்று, போலீஸ் காகிதம், தூதரகத்தின் தடையில்லாச் சான்று, உடலைப் பதப்படுத்துவது, விமானத்தில் இடம் கிடைப்பது என்று ஒவ்வொன்றாக நடந்து, திருவனந்தபுரத்தில் இறக்கி, செங்கோட்டை வழியாக ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை வீட்டில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இறந்துவிட்டான் என்று தெரியும், உடல் இல்லை. ஒப்பாரி வைப்பதா, காத்திருப்பதா? பெட்டி வந்த பிறகு முகம் பார்க்கக் கிடைத்தது கொஞ்ச நேரம். அம்மா அந்த முகத்தைத் தொட்டுவிட்டு, "இது என் பிள்ளை இல்ல" என்றாள். வெளிநாட்டுச் சாவு நடந்த வீடுகளில் இதே மாதிரி வார்த்தைகளைப் பிறகும் கேட்டேன். கண்ணெதிரே நடக்காத சாவை மனம் நம்ப மறுக்கிறது. துக்கம் உறைந்து நின்றுவிடுவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, படபடப்பு. இரவில் போன் அடித்தால் நெஞ்சு வெடிப்பதுபோல் துடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், மூச்சு போதாது. தம்பிக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்றே தோன்றும். நம் பக்கத்தில் மனசின் வேதனை பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் வெளியே வரும். கிறுகிறுப்பு, நெஞ்சடைப்பு, கைகால் ஓய்ச்சல், வயிற்றில் ஏதோ பிசைகிறது என்போம். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல். ஒரு மருத்துவர் கேஸ் என்றார், இன்னொருவர் ரெஸ்ட் எடுங்கள் என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு முறையும் பயம் கூடியது, ஏனென்றால் ஏதோ இருக்கிறது என்று என் உடம்பு சொல்லிக்கொண்டே இருந்தது.

இதயம் உண்மையிலேயே வேகமாகத்தான் துடிக்கிறது. ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் சுரந்து துடிப்பைக் கூட்டுகிறது. அந்தத் துடிப்பையே மாரடைப்பின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு மனம் மேலும் அஞ்சுகிறது, அந்த அச்சம் மேலும் அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது. பேனிக் அட்டாக் என்பது இந்தச் சுழற்சி. நடிப்பும் இல்லை, பலவீனமும் இல்லை. நெஞ்சுவலி வந்தால் முதலில் இதயத்தைத்தான் பரிசோதிக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அது தொடர்ந்தால், அடுத்த கேள்வியைக் கேட்கவும் ஒரு மருத்துவர் வேண்டும்.

அம்மா என்னைப் பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போனாள். சங்கரன்கோவிலில் கோமதியம்மாள் சன்னதிக்கும் போனோம். இரண்டு இடத்திலும் எனக்கு மனசு கொஞ்சம் இறங்கியது உண்மை. வழிபாட்டைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் வழிபாடு மட்டும் போதும் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நம் மாநிலம் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நம் ஊர்களில் மனநலம் என்று யாராவது பேச்செடுத்தாலே அந்தச் சங்கிலிதான் பலர் கண்முன் வருகிறது. வழிபாட்டோடு மருந்தையும் சேர்த்துக் கொடுக்க முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாத்தார் தர்காவில் 2008 முதல் தர்கா பொறுப்பாளர்களும் மனநல மருத்துவர்களும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். வேண்டுதலுக்கு வருபவர் அங்கேயே மருத்துவரையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

கடைசியில் எனக்கு வழி சொன்னவர் தென்காசியில் சர்க்கரைக்குப் பார்க்கும் ஒரு பொது மருத்துவர். ரிப்போர்ட்டுகளை மூடி வைத்துவிட்டு, "வீட்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். அவர் சொல்லித்தான் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவுக்குத் தனி ஓபி இருக்கிறது, சீட்டுக்குக் காசில்லை. வரிசையில் என்னைப்போலச் சேலை கட்டிய பெண்கள், காலேஜ் பையன்கள், பீடி சுற்றும் ஒரு அம்மா, பேரனோடு வந்த ஒரு தாத்தா இருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் நம்மோடு நிற்கிற அதே மனிதர்கள்.

மருத்துவர் முதலில் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்க்கச் சொன்னார். இவை குறைந்தாலும் சோர்வும் மந்தமும் வரும், அதைத் தெரியாமல் மனச்சோர்வு என்று முடிவு செய்யக் கூடாது என்றார். பிறகு ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள். கடந்த இரண்டு வாரத்தில் எந்த வேலையிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா, தூக்கம் எப்படி, பசி எப்படி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். உலகம் முழுக்கப் பயன்படும் பிஹெச்க்யூ-9 என்ற அளவுகோல் அது, மொத்தம் 27 மதிப்பெண். கடைசிக் கேள்விக்கு நான் உண்மையான பதிலைச் சொன்னேன். அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. மருத்துவர் பதறவில்லை, திட்டவில்லை. எப்போது தோன்றும், ஏதாவது செய்ய நினைத்தீர்களா, அப்போது வீட்டில் யார் இருப்பார்கள் என்று நிதானமாகக் கேட்டார். தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறோம். கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. பாரத்தை இறக்கி வைக்க ஓர் இடம் கொடுக்கிறது.

மருந்து எழுதினார். அது பலன் கொடுக்க சில வாரம் ஆகும், நன்றாக இருக்கிறது என்று நீங்களாகவே பாதியில் நிறுத்தக் கூடாது என்றார். கூடவே கவுன்சிலிங்கும் வேண்டும் என்று சொல்லி ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். என் மகள் வயதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் ஒரு பெண். முதல் அமர்விலேயே சொல்லிவிட்டார்: இங்கே பேசுவது வெளியே போகாது, உங்கள் உயிருக்கோ வேறு யார் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் வீட்டாரிடம் சொல்வேன். அதன் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்க தம்பி எப்படிப்பட்டவரு?"

துட்டிக்கு வந்தவர்கள் எல்லாரும் எப்படி இறந்தான் என்றுதான் கேட்டிருந்தார்கள். எப்படிப்பட்டவன் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். அன்றைய நேரம் முழுவதும் தம்பியைப் பற்றியே பேசினேன். கருப்பாநதியில் குதித்துக் குதித்துக் காதில் சீழ் பிடித்தது, என் கல்யாணத்தன்று பந்தியில் நின்று எல்லாருக்கும் பரிமாறிவிட்டு அவன் சாப்பிடாமலே தூங்கிப்போனது, வெள்ளிக்கிழமை தவறாமல் போன் போட்டு "யக்கா, என்ன குழம்பு?" என்று கேட்பது. பேசி முடித்தபோது தொண்டை வறண்டிருந்தது. நெஞ்சு படபடக்கவில்லை.

கவுன்சிலிங் என்றால் உட்கார்ந்து அறிவுரை கேட்பது என்று நினைத்திருந்தேன். தைரியமாக இருங்கள், பிள்ளைகளைப் பாருங்கள், இது விதி என்பதைச் சொல்ல ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள், அதற்கு நான் பாளையங்கோட்டை வரை பஸ் ஏற வேண்டாம். அங்கே நடந்தது முறையாகப் படித்துச் செய்கிற வேலை. படபடப்புக்கு அவர் செய்தது பயத்தை ஒளித்து வைக்காமல் சிறிது சிறிதாக எதிர்கொள்ள வைத்தது. பள்ளிக்கூட மாடிப்படியை வேகமாக ஏறச் சொன்னார். நெஞ்சு துடிக்கும். அது துடித்தாலும் ஒன்றும் ஆகாது என்பதை உடம்பே கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காக. இரவில் போனை சைலன்ட்டில் போட்டுவைக்கும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. முதலில் சாயங்காலம் சொல்லிவைத்த நேரத்தில் மகள் கூப்பிடுவாள், பிறகு சொல்லாத நேரத்தில், பிறகு இரவில். ஒவ்வொரு முறையும் பயம் ஏறும், கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். அது இறங்கும் என்று எனக்குத் தெரிந்ததுதான் மருந்து.

மனச்சோர்வுக்கு வேறு வழி. நாட்டம் வரட்டும், பிறகு செய்வோம் என்று காத்திருந்தால் நாட்டம் வராது, செய்ய ஆரம்பித்தால்தான் அது பின்னால் வரும் என்றார். ஒரு தாளில் மணிக்கணக்குப் போட்டு, அன்றன்று என்ன செய்தேன், அப்போது மனசு எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார். காலையில் பூப்பறிக்கப் போன நாட்களிலும், பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய மணி நேரங்களிலும் மனசு ஒரு படி மேலே இருந்திருக்கிறது. அந்தத் தாளைப் பார்க்காமல் எனக்கு அது தெரிந்திருக்காது. அந்த நேரங்களை வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டே போனோம்.

துக்கத்துக்குச் செய்ததுதான் கடினமானது. போன் வந்த அந்த ராத்திரியைக் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதுபோல் நிகழ்காலத்தில் சொல்லச் சொன்னார். அதை ஒலிப்பதிவு செய்து வீட்டில் கேட்கச் சொன்னார். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். போகப்போக முழுதாகச் சொல்ல முடிந்தது. சொல்லச் சொல்ல அந்த ராத்திரி ஒரு நினைவாக மாறியது. அதுவரை அது ஒவ்வொரு நாளும் புதிதாக நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் கேத்தரின் ஷியர் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய முறை இது. 2005-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், நீங்காத துக்கத்தில் இருந்தவர்களுக்கு இந்த முறையில் சிகிச்சை கொடுத்தபோது 51 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. துக்கத்துக்கென்று தனியாக வடிவமைக்காத உளவியல் சிகிச்சையில் அது 28 சதவீதமாக இருந்தது. துக்கம், மனச்சோர்வு, படபடப்பு மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வரலாம், ஆனால் மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றில்லை.

இன்னொன்றையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். துக்கம் ஐந்து படிகளில் வரும் என்று வாட்ஸப்பில் அடிக்கடி வரும். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. 1969-ல் எலிசபெத் குப்ளர் ராஸ் அதை எழுதியது சாகப்போகிற நோயாளிகளிடம் பேசிப் பார்த்ததை வைத்து. உறவை இழந்தவர்கள் எல்லாரும் அந்த வரிசையில் ஏறித்தான் ஆக வேண்டும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. எனக்குக் கோபமே வரவில்லை, அதற்காக நான் சரியாகத் துக்கப்படவில்லை என்று அர்த்தமில்லை. ஒரு வேளை அழுவோம், ஒரு வேளை சந்தைக்குப் போய்க் கத்திரிக்காய் பேரம் பேசுவோம். அப்படி மாறி மாறிப் போவதுதான் பெரும்பாலோரின் துக்கம். எப்போது உதவி தேவை என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நீடித்த துக்கம் தனியாக இடம்பெற்றிருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலாகியும், அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தைத் தாண்டியும், ஏக்கம் துளியும் குறையாமல் அன்றாட வாழ்வையே முடக்கினால் அது சிகிச்சைக்குரியது. அதற்கு முன்பே போகக் கூடாது என்று இல்லை. தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால், சாக வேண்டும் என்று தோன்றினால், ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். "ஏன், எங்ககிட்ட சொல்லக் கூடாதா? யாரோ ஒரு பொண்ணுகிட்ட போய் வீட்டுக் கதையெல்லாம் சொல்லணுமா?" என்று என் பெரியம்மா வருத்தத்தோடு கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் எல்லாரும் ஒரே துக்கத்தில் இருந்தோம். நான் அழுதால் அம்மா உடைந்துபோவாள் என்று நான் பஸ்ஸில் அழுதேன். நான் கலங்கிவிடுவேன் என்று அம்மா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தம்பி மனைவி பிள்ளைகள் தூங்கிய பிறகு மொட்டை மாடிக்குப் போவாள். ஒரு நாள் நானே அவளிடம் கேட்டேன். "மதினி, உங்க முன்னால அழுதா அத்தைக்குத் தெரிஞ்சிரும். அத்தை அழுதா பிள்ளைக பயந்துரும். அதான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள். ஒருவரை ஒருவர் காப்பாற்ற நினைத்தே ஒருவரிடம் ஒருவர் பேசாமல் இருந்தோம். நம்மை நேசிப்பவர்களுக்கு நாம் சீக்கிரம் சரியாகிவிட வேண்டும், அதனால் நாம் சொல்வதை முழுதாகக் கேட்க அவர்களால் முடிவதில்லை. பாதியிலேயே ஆறுதல் சொல்லி மூடிவிடுவார்கள். அந்த உளவியல் நிபுணருக்கு என் தம்பி யாரோ. நான் எவ்வளவு சொன்னாலும் அவர் உடைய மாட்டார் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் என்னால் எல்லாவற்றையும் சொல்ல முடிந்தது. அங்கே சொல்லப் பழகிய பிறகுதான் வீட்டிலும் சொல்ல வந்தது. இப்போது நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக அழுகிறோம், ஒன்றாக அவனைப் பற்றிச் சிரித்தும் பேசுகிறோம். குடும்பத்தை ஒதுக்கிவிட்டு வெளியே போனதாகப் பெரியம்மா நினைத்தார். வெளியே போனதால்தான் குடும்பம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

இது படித்தவர்களுக்கும் பட்டணத்துக்காரர்களுக்கும் மட்டும் சரிப்படும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் இறந்தார்கள். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சினேகா அமைப்பு அப்போது தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, உறவுகளை இழந்த மீனவக் குடும்பங்களின் வீடு தேடி அனுப்பியது. அவர்கள் மருத்துவர்கள் இல்லை. உட்கார்ந்து கேட்டார்கள், திரும்பத் திரும்பப் போனார்கள். ஒரு வருடம் கழித்து, அப்படி யாரும் போகாத இன்னொரு கடலோரப் பகுதியோடு ஒப்பிட்டபோது, இவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. 2008-ல் அந்த ஆய்வு வெளியானது. அடுத்தது கோவா. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச வைத்தார்கள். நான் மேலே சொன்ன அன்றாடத் தாள் முறைதான். விக்ரம் படேல் குழுவினர் 2017-ல் லான்செட் இதழில் வெளியிட்ட முடிவின்படி, வழக்கமான கவனிப்போடு இதையும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் கடும் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

இன்னொரு பக்கம், 2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு சொல்வது கவலை தருகிறது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த ஆய்வு. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலக் குறைபாடு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. இந்த இடத்தில் அரசிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு தன்னார்வலப் பெண் வருகிறார். அம்மாவுக்கு பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். வீட்டுக்குள் வர, திண்ணையில் உட்கார, "எப்படி இருக்கீங்க" என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. அவருக்கு கோவாவில் கொடுத்ததுபோல் முறையான பயிற்சியும், அதற்கான கூடுதல் சம்பளமும் கொடுத்தால், வெளிநாட்டில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளில் அடைந்து கிடக்கும் எத்தனையோ பெண்களை அவரால் சென்றடைய முடியும். ஆள் இருக்கிறார், வழி இருக்கிறது. சேர்த்துவைக்கத்தான் வேண்டும்.

அது நடக்கும் வரை, இன்று இந்த ஊரிலிருந்து போவதற்கு என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

போனில் ஆரம்பிக்கலாம். 14416 என்ற எண் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் நட்புடன் உங்களோடு மனநல சேவை என்ற பெயரில் நடக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. 104-க்குக் கூப்பிட்டாலும் ஆலோசனை கிடைக்கும். சினேகாவின் எண் 044-24640050. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிற நேரத்தில் முதலில் இந்த எண்களில் ஒன்றைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

நேரில் போவதற்கு மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 1996-ல் நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த நான்கு மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. இப்போது தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலும் நடக்கிறது. நமக்குத் தென்காசி அரசு தலைமை மருத்துவமனை. தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் அந்தக் குழு குறிப்பிட்ட நாளில் வரும். எந்தக் கிழமை என்று நம் ஆஸ்பத்திரியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே தேவைப்பட்டால் ஹைகிரவுண்ட்.

யாரிடம் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். மருந்து எழுதும் தகுதி மருத்துவருக்குத்தான் உண்டு, சைக்காலஜிஸ்டுக்கோ கவுன்சிலருக்கோ இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கவுன்சிலர் என்று பலகை மாட்டியவர்கள் எல்லாரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் இல்லை. தனியாரிடம் போனால் கட்டணத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டு மூன்று அமர்வுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் வேறொருவரிடம் மாறலாம். அவர் ஜாதி, மதம், ஒழுக்கம் என்று உபதேசம் செய்தால் உடனே மாறுங்கள். மெடிக்கல் ஸ்டோரில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். சில வாரங்களில் அது இல்லாமல் தூக்கமே வராது என்ற நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2017-ல் வந்து 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசிடமிருந்து மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியிருக்கிறது. நம் விவரத்தை ரகசியமாக வைத்திருக்க மருத்துவமனை கடமைப்பட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று தயங்குபவர்களின் பயம் எனக்குப் புரியும். ஊர் பேசத்தான் செய்யும். என்னைப் பற்றியும் பேசினார்கள். ஆனால் என்னிடம் தனியாக வந்து, "டீச்சர், அந்த ஆஸ்பத்திரி எங்கன இருக்கு?" என்று கேட்டவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மா அப்பாவின் கடைசி முகத்தை வீடியோ காலில் பார்த்துவிட்டு மறுநாள் டூட்டிக்குப் போனவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குப் பந்தலும் இல்லை, பதினாறும் இல்லை, அழுவதற்குத் தனி அறையும் இல்லை. தமிழில் வீடியோ வழியாகச் சிகிச்சை தரும் பதிவு பெற்ற நிபுணர்கள் இருக்கிறார்கள். லீவுக்கு ஊர் வரும்போது ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு, பிறகு அங்கிருந்தே தொடரலாம். அறையில் கூட இருப்பவன் கொஞ்ச நாளாகச் சாப்பிடாமல், பேசாமல், சம்பளத்தை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு விடைபெறுவதுபோல் நடந்துகொண்டால், நேராகக் கேளுங்கள். கேட்டுவிட்டு அவனைத் தனியாக விடாதீர்கள்.

முதல் தடவை தனியாகப் போவது சிரமம் என்பது எனக்குத் தெரியும். ஓபி எங்கே, சீட்டு எங்கே, உள்ளே போய் என்ன சொல்வது என்று ஒன்றும் புரியாது. கடையநல்லூரிலும் சுற்றுப்பட்டியிலும் யாருக்காவது துணை வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்தில் வந்து என்னிடம் சொல்லுங்கள். காரணம் எதுவும் கேட்க மாட்டேன். லீவு போட்டு உங்களோடு பஸ் ஏறி வருகிறேன்.